எடைக் கருவி நல்லது, அது சொல்லும் தேதி பொல்லாதது

நான் வீட்டில் வைத்திருக்கும் ஸ்மார்ட் எடைக் கருவியின் விலை சமீபத்தில் நன்றாக இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் என்னைவிட மூத்த அக்கா ஒருவர், "நீ வெகுநாளாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" என்று கேட்டார். மகளின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் 12 கிலோ குறைக்க வேண்டும் என்றார். அவரிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கருவியில் குறை சொல்ல ஏதுமில்லை. கண்ணாடிப் பலகையில் கீறல் விழவில்லை. 100 கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டுகிறது. சமதளமான தரையில் வைத்துவிட்டு அடுத்தடுத்து ஏறி நின்றாலும் எண் மாறுவதில்லை. பேட்டரியும் நெடுநாள் வருகிறது. அடியில் இருந்த ரப்பர் கால் ஒன்று கழன்றது, பசை போட்டு ஒட்டிக்கொண்டேன். இவ்வளவு சொன்னால் போதும்.

என் கோபமெல்லாம் இதனுடன் வரும் கைப்பேசிச் செயலியின் மேல்தான். தொடக்கத்திலேயே அது இலக்கு எடையைக் கேட்கிறது. இரண்டு வாரம் எடை பார்த்ததும், இந்தத் தேதியில் இலக்கை எட்டுவீர்கள் என்று ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்தத் தேதி இன்னும் தள்ளிப்போகும். நகரும்போதெல்லாம் சிவப்பு எழுத்தில் 'தாமதம்' என்று வரும்.

அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது? முதல் இரண்டு வாரத்தில் எடை இறங்கிய வேகத்தை எடுத்து, அப்படியே ஒரு நேர்கோடு இழுத்துவிடுகிறது. அந்த வேகமோ கொழுப்பு கரைந்த வேகம் அல்ல. நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றையும் இனிப்பையும் குறைத்த முதல் வாரத்தில் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி செலவாகிறது, அதனுடன் தண்ணீரும் வெளியேறுகிறது. ஒன்று, ஒன்றரைக் கிலோ சட்டென்று இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். இதே வேகம் மாதக்கணக்கில் தொடரும் என்று கணக்குப் போடுவது நியாயமே இல்லை.

முதல் வாரத்தை விட்டுவிட்டாலும் நேர்கோடு தவறுதான். ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்ற கணக்கு நம்மில் பலருக்குத் தெரியும். மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது அது. சர்க்கரை போட்ட ஒரு காபியும் மாலையில் ஒரு மெதுவடையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 240 கலோரி வரும். தினமும் அதை நிறுத்தினால், அந்தக் கணக்கின்படி ஒரே வருடத்தில் 11 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். ஆனால் உடல் இளைக்க இளைக்க அதற்குத் தேவைப்படும் சக்தியும் குறைகிறது, பசியும் கூடுகிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2011இல் லான்செட் மருத்துவ இதழில், சக்தித் தேவை குறைவதைக் கணக்கில் கொண்டு ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். அதன்படி தினசரி உணவில் நிலையாக 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், கிட்டத்தட்ட முழுதும் குறைய மூன்று வருடம் ஆகும். ஆக, அந்த 240 கலோரியை விட்டவருக்கு முதல் வருடத்தில் கிடைப்பது சுமார் 5 கிலோதான். அது நல்ல பலன். செயலியோ அவரைப் பார்த்துத் தாமதம் என்கிறது.

என் தங்கைக்கு நடந்ததைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்பது புரியும். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, விடியற்காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்தாள். 78 கிலோவாக இருந்தவள் சில மாதங்களில் 74க்கு வந்தாள். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இறங்கியது, டாக்டர் பாராட்டினார். ஆனால் தினமும் அவள் கண்ணில் பட்டது அந்தச் சிவப்பு எழுத்துதான். இரவுச் சாப்பாட்டை விட்டாள். மறுநாளும் தேதி நகர்ந்தது. "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது அக்கா" என்று சொல்லிவிட்டு நடையையே நிறுத்திவிட்டாள். பலன் கிடைத்துக்கொண்டிருந்த ஒருத்தியைத் தோற்றுவிட்டாய் என்று நம்பவைத்த ஒரு பொருளை நான் எப்படி மன்னிப்பேன்?

இது என் தங்கைக்கு மட்டும் வரும் சோர்வு அல்ல. 1997இல் கேரி ஃபாஸ்டரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், எடைக் குறைப்புச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் எவ்வளவு குறைந்தால் திருப்தி என்று முதலிலேயே கேட்டார்கள். 17 கிலோ மட்டும் குறைந்தால் ஏமாற்றம் என்றார்கள் அந்தப் பெண்கள். 48 வாரச் சிகிச்சையின் முடிவில் சராசரியாகக் குறைந்தது 16 கிலோ. மருத்துவர்கள் கொண்டாடும் அளவு அது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த 'ஏமாற்றம்' என்ற எண்கூட எட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அதே செயலிக்குள் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. வரைபடப் பக்கத்தில் கீழே தள்ளிக்கொண்டே போனால் ஏழு நாள் சராசரிக் கோடு வரும். அதை நான் மனதார விரும்புகிறேன். கல்யாண விருந்துக்கு மறுநாள் எண் ஒரு கிலோ ஏறிக் காட்டும். ஒரே பந்தியில் யாரும் 7700 கலோரியை அதிகமாகச் சாப்பிட்டுவிட முடியாது, அது உப்பும் மாவுச்சத்தும் தேக்கிய நீர். சராசரிக் கோடு லேசாகத்தான் அசையும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு உடலில் நீர் கோத்து எடை கூடும். அப்போது போன வாரத்தோடு ஒப்பிடக் கூடாது, போன மாதத்தின் அதே நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும். இந்தக் கோட்டைப் பார்க்கப் பழகிய பிறகு காலையில் வரும் எண் என்னை வருத்துவதே இல்லை. இவ்வளவு அருமையான ஒன்றை ஆறு திரைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, தேதியை முகப்பில் ஒட்டியவர்கள் மேல்தான் வருத்தம்.

கொழுப்பு விகிதம், தசை எடை என்று காட்டுபவற்றை நம்பி முடிவு எடுக்காதீர்கள். பாதங்கள் வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, உடல் தரும் தடையை அளந்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கிடைக்கும் மதிப்பீடு அது. தண்ணீர் குடித்தால் மாறும், நடந்துவிட்டு வந்தால் மாறும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வகைக் கருவியில் ஏறவே கூடாது.

அலுவலக அக்காவிடம் சொன்னேன்: இரண்டு மாதத்தில் 12 கிலோ என்றால் வாரத்துக்கு 1.4 கிலோ. அவ்வளவு வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் ஆபத்து கூடுகிறது, தசையும் கரைகிறது. வாரம் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் முகூர்த்தத்துக்குள் 4 கிலோ. உங்கள் உடல்வாகுக்கு அது 5 சதவீதத்துக்கு மேல், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும் அளவு. பட்டுப்புடவைக்கு ரவிக்கை அளவு கொடுப்பதைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள்; நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எல்லை. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வையும் சொன்னேன். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடைக் கருவியில் தெரியாத நன்மையும் உண்டு.

கருவி துல்லியமானது, உறுதியானது, விலையும் நியாயம். இருந்தும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். செயலி இல்லாத சாதாரண டிஜிட்டல் கருவி ஒன்றை வாங்கி, வாரம் முழுவதும் காலை எடையை நாட்காட்டித் தாளில் குறித்து, ஞாயிற்றுக்கிழமை கூட்டி ஏழால் வகுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இலக்கு எடை கேட்கும் கட்டத்தில் இன்றைய எடையையே எழுதிவிடுங்கள். என் கைப்பேசியில் அப்படி எழுதிய பிறகு தேதியும் வருவதில்லை, சிவப்பு எழுத்தும் வருவதில்லை. தங்கையின் கைப்பேசியிலும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.