ஹாலிஃபாக்ஸில் எங்கே குடியேறலாம்: சவுத் எண்டா, டார்ட்மத்தா, கிளேட்டன் பார்க்கா?

கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹாலிஃபாக்ஸுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஏரியா நல்ல ஏரியா?" என்றுதான். அதைவிட, நீங்கள் தினமும் எங்கே போக வேண்டும், அதற்கு எந்தத் தண்ணீரைத் தாண்ட வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். ஹாலிஃபாக்ஸ், டார்ட்மத், பெட்ஃபோர்ட் எல்லாவற்றையும் 1996-இல் ஒரே மாநகராட்சியாகச் சேர்த்துவிட்டார்கள். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 4,39,819. நிர்வாகத்துக்கு ஒரே ஊர். நடுவில் கடல் கிடக்கிறது. பழைய ஹாலிஃபாக்ஸ் ஒரு தீபகற்பம். கிழக்கே துறைமுகம், அதைத் தாண்ட இரண்டு பாலங்களும் ஃபெர்ரியும். மேற்கே நார்த்வெஸ்ட் ஆர்ம் என்று குறுகலாக உள்ளே நுழைந்த கடல். அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் ஆர்ம்டேல் ரவுண்டானாவில் வந்து முட்டும். மெட்ரோவும் புறநகர் ரயிலும் கிடையாது. ஃபெர்ரியை விட்டால் பஸ்தான் எல்லாம்.

தீபகற்பத்தின் தென்பாதி சவுத் எண்ட். டல்ஹவுசி, செயின்ட் மேரீஸ் என்று இரண்டு பல்கலைக்கழகங்கள், பெரிய மருத்துவமனைகள், நூலகம், கடைத்தெரு எல்லாம் நடந்துபோகும் தூரம். யங் அவென்யூவில் மாளிகைகள். இரண்டு தெரு தள்ளினால் அறை அறையாகப் பிரித்து மாணவர்களுக்கு விட்ட பழைய மரவீடுகள். இரண்டுக்கும் ஒரே விலாச மதிப்பு. தென்முனையில் பாயின்ட் பிளெசன்ட் பார்க். 2003-இல் வந்த ஹுவான் சூறாவளி அதன் பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. ஆனாலும் மாலை நடைக்கு ஊரில் இதைவிட நல்ல இடம் இல்லை. கார் இல்லாத மாணவருக்கு முதல் வருடம் இங்கே அதிக வாடகை கொடுப்பது நியாயம்தான். வேறெங்கோ வேலை பார்க்கும் குடும்பம் இங்கே வந்தால் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நார்த் எண்ட் வேறு கதை. 1917 டிசம்பர் 6 காலை, வெடிமருந்து ஏற்றிவந்த மோன்-பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பலும் ஈமோ என்ற நார்வே கப்பலும் துறைமுகத்தின் குறுகலான பகுதியில் மோதின. தீப்பிடித்து வெடித்ததில் கிட்டத்தட்ட 2,000 பேர் இறந்தார்கள். நகரின் வடபகுதி தரைமட்டமானது. வீடிழந்தவர்களுக்காகக் கட்டியதுதான் ஹைட்ரோஸ்டோன் குடியிருப்பு. கான்கிரீட் கட்டிகளால் ஆன வரிசை வீடுகள், தெரு நடுவே புல்வெளி, வண்டிகள் வந்துபோகப் பின்பக்கம் சந்து. சாதாரண மக்களுக்காகக் கட்டிய அந்தச் சின்ன வீடுகளை இன்று சாதாரண மக்கள் வாங்க முடிவதில்லை. அக்ரிகோலா, காட்டிங்கன் தெருக்களிலும் அப்படித்தான்: நல்ல சாப்பாடு, நல்ல காபி, ஏறிய வாடகை. கப்பல் கட்டும் தளத்திலோ கடற்படையிலோ வேலை என்றால் நடந்தே போகலாம்.

இந்தப் பகுதியைப் "புதுசா வளருது" என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு ஆஃப்ரிக்வில் ஞாபகம் வரும். வடகோடியில் கடலோரம் இருந்த கறுப்பின மக்களின் குடியிருப்பு அது. குடிநீர்க் குழாய், சாக்கடை எதையும் மாநகராட்சி செய்து தரவில்லை. கடைசியில் 1960-களில் ஊரையே இடித்தது. மன்னிப்புக் கேட்டது 2010-இல்.

சரி, டார்ட்மத். ஹாலிஃபாக்ஸ்காரர்கள் கேலியாக "டார்க்சைடு" (இருண்ட பக்கம்) என்பார்கள். கேலி செய்பவர்கள் ஃபெர்ரியில் போகாதவர்களாக இருக்கும். 1752 முதல் ஓடிவரும் சேவை. டார்ட்மத் கரையின் ஆல்டர்னி துறையில் ஏறினால் சுமார் 12 நிமிடத்தில் ஹாலிஃபாக்ஸ் டவுன்டவுன். பஸ் கட்டணமேதான், பஸ்ஸில் வாங்கிய மாற்றுச் சீட்டே (டிரான்ஸ்ஃபர்) இங்கும் செல்லும். ஆல்டர்னிக்கு நடக்கும் தூரத்தில், போர்ட்லண்ட் தெருவைச் சுற்றி வீடு கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பக்கத்திலேயே பானூக் ஏரி, ஊரெல்லாம் ஏரிகள்.

ஆனால் விளம்பரத்தில் "டார்ட்மத்" என்று மட்டும் இருந்தால் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். ஏரிகளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் ஃபெர்ரிக்குப் போகவே ஒரு பஸ் வேண்டும். பாலச் சுங்கத்தை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். காலை எட்டு மணி வரிசையை எடுக்க முடியவில்லை. வேலை பர்ன்சைடு தொழிற்பேட்டையில் என்றால் கணக்கு தலைகீழ். டார்ட்மத்தில் இருந்தால் பாலமே தாண்ட வேண்டாம்.

புதிதாகக் குடியேறுபவர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் கிளேட்டன் பார்க்கும் அதையொட்டிய ஃபேர்வியூவும். பார்க்க ஒரு அழகும் இல்லை. அபார்ட்மென்ட் கட்டடங்களும் பார்க்கிங்கும்தான். லேஸ்வுட் டிரைவின் மேடு பனி உறைந்த காலையில் கால்களைச் சோதிக்கும். ஆனால் லேஸ்வுட் பஸ் நிலையம், 2011 குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய கனடா கேம்ஸ் சென்டர், கேஷன் குட்மேன் நூலகம் எல்லாம் பக்கம் பக்கம். பெரிய கடைகளுக்கு பேயர்ஸ் லேக் இருக்கிறது. பஸ்ஸில் அரபியும் இந்தியும் சீனமும் காதில் விழும். அந்நியமாக உணர மாட்டீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு, ஒரே காரோடு வரும் குடும்பத்துக்கு முதல் இரண்டு வருடத்துக்கு இதைத்தான் சொல்வேன்.

பெட்ஃபோர்டில், குறிப்பாக லேரி யூடெக் பக்கம், புது வீடுகள், புது அபார்ட்மென்ட்கள். வசதிதான், ஆனால் இரண்டு கார் இல்லாமல் ஓட்டுவது கஷ்டம். பிள்ளைகள் பெருகிப் பள்ளிகளில் இடநெருக்கடி. மில் கோவிலிருந்து டவுன்டவுனுக்கு ஃபெர்ரி வரப்போகிறது என்று விளம்பரங்களில் போடுவார்கள். அது ஓடத் தொடங்கிய பிறகு அதற்கான விலையைக் கொடுங்கள். 2023 ஜூலையில் பெய்த பேய்மழையில் இந்தப் பக்கம் வெள்ளம் வந்தது என்பதால், தாழ்வான இடமா என்றும் கேட்டுவிடுங்கள். நார்த்வெஸ்ட் ஆர்முக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ப்ரைஃபீல்டு மலிவு. மலிவுக்குக் காரணம் ஹெரிங் கோவ் ரோடும் அதன் முனையில் இருக்கும் அந்த ஆர்ம்டேல் ரவுண்டானாவும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் எந்தப் பகுதியானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2027 முடியும்வரை வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்ற முடியாது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று எழுதும் ஒப்பந்தம் முடிந்ததும் உங்களை அனுப்பிவிட்டு, அடுத்தவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் எந்த வகை ஒப்பந்தம் என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

வாங்குபவர்களுக்குப் பொறி வேறு. பழைய வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி (ஹீட்டிங் ஆயில்) பழசாக இருந்தால் காப்பீட்டு நிறுவனம் மாற்றச் சொல்லும். விலையில் 1.5 சதவீதம் பத்திரப் பதிவு வரி தனி. அப்புறம் சொத்து வரி: அதே வீட்டில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு, வரிக்கான மதிப்பு விலைவாசி உயர்வுக்கு மேல் ஏறாதபடி உச்சவரம்பு உண்டு. வீடு குடும்பத்துக்கு வெளியே கைமாறினால் அடுத்த வருடம் அந்த வரம்பு போய்விடும். விற்பவர் காட்டும் வரி ரசீதை வைத்து மாதச் செலவைக் கணக்குப் போடாதீர்கள். வரம்பு இல்லாத மதிப்பைக் கேட்டு வாங்கி, அதற்கு வரி எவ்வளவு என்று பாருங்கள்.