களித்தரையில் நிற்கும் பழைய வீடு: அத்திவாரத்தைத் தோண்டுவதா, தண்ணியைத் திருப்புவதா?

தம்பலகாமத்தில் அம்மாவின் வீட்டை 1958இல் அம்மப்பா கட்டினார். கருங்கல் அத்திவாரம், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், மேலே ஓடு. அறை யன்னலின் மேல்மூலையில் தொடங்கி முகட்டை நோக்கிப் படிபடியாக ஏறும் வெடிப்பு ஒன்றை என் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் அதற்குள் இரண்டு நாணயக் குற்றிகளைச் சேர்த்துச் செருகலாம். மாரி பெய்து தை பிறந்ததும் ஒரு கடதாசிகூடப் போகாது.

திருகோணமலை டவுனில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. அங்கே பாறை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல். எங்களுக்கும், மகாவலி கடலில் சேரும் மூதூர்ப் பக்க வயலூர்களுக்கும் வாய்த்தது களி. தண்ணி குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வீடு முழுவதும் ஒரே அளவு ஏறி இறங்கினால் சுவருக்கு ஒன்றும் வராது. ஒரு மூலை இறங்க மற்ற மூலை நின்றால்தான் வெடிக்கும். வயலோரத்து வீடுகளில் இது இன்னும் மோசம். சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணி திறந்தால், கடும் கோடையிலும் வீட்டின் வயல் பக்கம் ஈரமாக இருக்கும். றோட்டுப் பக்கம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுவில் நிற்கிற சுவர் என்ன செய்யும்?

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஊரில் ஐந்து விதமான வைத்தியம் சொல்வார்கள். கடந்த ஆறு வருடத்தில் அதில் மூன்றை நாங்கள் செய்து பார்த்தோம், மற்ற இரண்டையும் விசாரித்தோம்.

சீமெந்தால் அடைப்பது

முதலில் செய்ததும் வீணாய்ப் போனதும் இதுதான். ஒரு கொந்தராத்துக்காரர் வந்து வெடிப்பைக் கொத்தி, நல்ல கெட்டியான சீமெந்துச் சாந்தை அடைத்து, மேலே பூசி, பெயின்ரும் அடித்துக் கொடுத்தார். ஒரு மாரி தாண்டி அடுத்த ஆவணியில் பார்த்தால், அடைத்த இடம் அப்படியே நிற்கிறது. அதற்கு அரைச் சாண் தள்ளிப் புது வெடிப்பு. சாந்துக்குள் ஓடிய பழைய வெடிப்பு போய், இப்போது செங்கல்லையே பிளந்துகொண்டு போகிறது.

பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. சுவர் அசையும்போது சாந்துதான் முதலில் விட்டுக்கொடுக்கும், கல் தப்பும். நடுவில் கல்லைவிடக் கடினமான ஒன்றை வைத்தால் கல் விட்டுக்கொடுக்க வேண்டி வருகிறது. ஈரத்திலும் அதே கதை. சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு அதை உள்ளே அடைக்கும். உப்பு பூத்து, பூச்சுக்குப் பின்னால் செங்கல் மாவாக உதிரும். எங்கள் அறையில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சைத் தட்டினால் இன்றைக்கும் வெற்றுச் சத்தம் கேட்கும்.

சுண்ணாம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. சாந்தில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்பு மழை ஈரத்தில் கரைந்து, மயிர்போன்ற வெடிப்புகளில் திரும்பப் படிந்து, தானாகவே மூடிக்கொள்ளும். ஆகவே இந்த இரண்டுக்குள் எனக்குத் தயக்கமே இல்லை: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மையான மணல். பவளக்கல் சுட்ட சுண்ணாம்பைத் தேட வேண்டாம். கடலில் பவளக்கல் எடுப்பது சட்டப்படி தடை. கடையில் பையில் வரும் நீற்றிய சுண்ணாம்பை ஒருநாள் முன்பே தண்ணியில் ஊறவைத்துப் பாவித்தோம், போதும். மேசன்மார் பொறுமை இழப்பார்கள், ஏனென்றால் மெதுவாகத்தான் இறுகும். அப்படியானால் ஒன்றுக்கு ஒன்றுக்கு ஆறு, அதாவது சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று இறங்கி வரலாம். அதற்குமேல் சீமெந்து கூடாது.

அத்திவாரத்துக்குக் கீழே கொங்கிரீட்

சீமெந்து அடைப்பு தோற்றதும் வந்த அடுத்த ஆலோசனை, வீட்டைச் சுற்றித் தோண்டி அத்திவாரத்தின் அடியில் கொங்கிரீட் கொடுப்பது. அதற்குச் சொன்ன தொகையில் சின்னதாக ஒரு வீட்டையே கட்டத் தொடங்கலாம். அம்மா தாலிக்கொடியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அயலூரிலிருந்து வயதான ஒரு மேசன் வந்து பார்த்தார். வந்தவர் சுவரை விட்டுவிட்டு முற்றத்துக்குப் போனார். பாளமாக வெடித்த நிலத்தில் ஒரு கம்பியை விட்டார். மூன்றடி இறங்கியது. பிறகு அத்திவாரத்தின் ஓரத்தில் தோண்டிப் பார்த்தார். கருங்கல் இரண்டடியில் முடிந்துவிட்டது.

"பிள்ளை, நிலம் மூன்றடிக்கு மேலே காயுது. உங்கட கல்லு இரண்டடியில நிக்குது. இது அசையாம என்ன செய்யும்?" என்றார்.

அப்படியென்றால் முழுவதும் தோண்டத்தானே வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் எங்கள் காசைக் காப்பாற்றியது. வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து திகதியோடு சுவரிலேயே எழுதச் சொன்னார். கோடையில் விரிந்து மாரியில் மூடினால் அது களியின் மூச்சு. மூடாமல் கூடிக்கொண்டே போனால் அங்கே நிலம் உண்மையிலேயே தாழ்கிறது. ஒரு வருடம் எழுதினோம். அறை வெடிப்பு 4 மில்லிமீற்றருக்கும் முடி அளவுக்கும் இடையில் போய் வந்தது. குசினி மூலை வெடிப்போ மாசியில் 6, ஆவணியில் 9, அடுத்த மாசியில் 8. அது திரும்பி வரவில்லை.

பிரித்தானியக் கட்டட ஆய்வாளர்கள் வகுத்த அளவுப்படி 5 மில்லிமீற்றர் வரை லேசான பாதிப்பு, 5 முதல் 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ஆனால் நான் அகலத்தைவிட அதன் போக்கைத்தான் பெரிதாக எடுப்பேன். மேலே அகன்று கீழே ஒடுங்கினால் ஓரம் இறங்குகிறது. கீழே அகன்றால் நடு இறங்குகிறது.

குசினி மூலையில் மட்டும் தோண்டினோம். நான்கு குழி, ஒவ்வொன்றும் நான்கடி நீளம். அடுத்தடுத்த குழியை ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. முதலில் ஒன்றும் மூன்றும், அவை இறுகிய பின் இரண்டும் நான்கும். மூலையில் ஐந்தடி ஆழம், விலகிப் போகப்போக நாலரை, நாலு என்று படியாகக் குறைத்தோம். இது முக்கியம். ஒரு மூலையை ஆழத்தில் இறுக்கிவிட்டு மற்றதை இரண்டடியில் விட்டால், இரண்டும் சேரும் இடத்தில் புது வெடிப்பு நிச்சயம். தோண்டிய அன்றே 1:2:4 கொங்கிரீட் (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு) போட்டு, பழைய கல்லுக்குக் கீழே மூன்று அங்குலம் விட்டு நிறுத்தினோம். கொங்கிரீட் சுருங்கும் என்பதால் அந்த இடைவெளியை மறுநாள்தான் நிரப்ப வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமான சீமெந்து மணலை உள்ளே தள்ளி, கட்டையால் இடித்து இறுக்கினார் மேசன். அந்த இடிதான் வேலையின் உயிர். அவசரக்காரர் கையில் இந்த மூன்று அங்குலம் வெறுமையாகவே போகும். மேலே மண் மூடியபின் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று பாருங்கள். வேலை முடியும்வரை அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள், குழிக்குள் ஆள் இறங்கும்போது பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுங்கள். மாரிக்கு முன் முடித்துவிட வேண்டும். தண்ணி நின்றால் அடிக்களி கூழாகிவிடும்.

தண்ணியைத் திருப்புவது

குசினி மூலை ஏன் தாழ்ந்தது? வெளியே வாழை. இங்கே எந்த வீட்டிலும் குசினித் தண்ணி வாழையடிக்குத்தான் போகும். எங்கள் வாழை சுவரிலிருந்து மூன்றடியில் நின்றது. அறுபது வருடமாக அந்த மூலைக் களி காயவே விடாமல் ஊறி, இளகிக்கொண்டே இருந்திருக்கிறது. வாழையைப் பதினைந்தடி தள்ளி வைத்து, தண்ணியைக் குழாயில் கொண்டுபோனோம். அதைச் செய்யாமல் கீழே எத்தனை கொங்கிரீட் போட்டாலும் மூலை மறுபடி இறங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்ற மூன்று பக்கமும் இந்த வைத்தியம் மட்டும்தான். ஓட்டு விளிம்புக்குப் பீலி பூட்டி, தண்ணியைப் பத்தடிக்கு அப்பால் விட்டோம். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிநோக்கிச் சரிவாகச் சீமெந்துத் தரை போட்டோம். அதைச் சுவரோடு ஒட்டவில்லை. நடுவில் அரை அங்குலம் விட்டுத் தார் ஊற்றினோம், தரை அசைந்தால் சுவரை இழுக்கக் கூடாது என்பதற்காக.

வேம்புதான் பெரிய வாக்குவாதம். றோட்டுப் பக்கம் பன்னிரண்டடியில் நிற்கிறது, உயரம் முப்பதடிக்கு மேல். கோடையில் அந்தப் பக்கக் களியின் ஈரத்தை உறிஞ்சுவது அதுதான். வீடு கட்டியபின் நட்ட மரம் என்பதால் வெட்டினால் ஆபத்துக் குறைவு. வீட்டைவிட வயதான மரமாக இருந்தால் வெட்டவே பயப்பட வேண்டும். இவ்வளவு காலம் மரம் குடித்த ஈரம் மண்ணில் தங்கி, களி ஊதி, வீட்டைத் தூக்கும். அம்மா வெட்ட விடவில்லை. கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, வேர் தாண்டி வராதபடி மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நாலடி ஆழத்துக்குத் தடித்த பொலித்தீன் இறக்கினோம்.

இந்த வைத்தியத்தின் குறையையும் சொல்ல வேண்டும். உடனே ஒன்றும் தெரியாது. இரண்டு கோடை பொறுக்க வேண்டும். ஏற்கனவே தாழ்ந்த மூலையை இது தூக்கித் தராது. ஆனால் செலவு, அத்திவார வேலைக்குச் சொன்ன தொகையில் ஏழில் ஒரு பங்குதான் வந்தது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிப்புறத்தில் சுற்றிவரப் பீம் போடுவதை நான் விரும்பவில்லை. அதுவும் அதே மூன்றடிக் களியில்தான் உட்காரும், களியோடுதான் அசையும். இடித்துக் கட்டுவது, சுவர் செங்குத்தை விட்டுச் சாய்ந்திருந்தால் நியாயம். அப்போதும் பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும், றோட்டோர எல்லைக்காக முன்பக்கத்தை இழக்க நேரலாம், புது அத்திவாரமும் இதே களியில்தான் இறங்கும்.

இனி வெடிப்பை மூடும் காலம். ஆவணியில் அகலமாகத் திறந்திருக்கும்போது அடைக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். அப்போது அடைத்தால், மாரியில் சுவர் மூட வரும்போது அடைத்த சாந்து ஆப்பு மாதிரி நின்று இரு பக்கத்தையும் தள்ளும். தையில் சாந்து உள்ளேயே போகாது. பங்குனி முடிவில், பாதி திறந்த நிலையில் அடைக்கச் சொன்னார் மேசன். குசினி மூலை இப்போது இரண்டு கோடையாக 8இலேயே நிற்கிறது. அறைச் சுவரில் கடைசியாக எழுதியிருப்பது, ஆவணி, ஒன்றரை மில்லிமீற்றர். சுண்ணாம்புப் பை விறாந்தையில் இருக்கிறது, பங்குனிக்காக.