கால் அங்குல இரும்பு என்று ஏமாற்றி விற்கப்படும் ஸ்மோக்கர்: ஹியூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க

பக்கத்துப் பெட்டியில் கட்டை எரித்து, அந்தச் சூட்டிலும் புகையிலும் கறியை வேகவைக்கும் அடுப்புதான் ஆஃப்செட் ஸ்மோக்கர். இங்கே புறநகர்ச் சாலையோரம் அவற்றை வரிசையாக நிறுத்தி விற்கும் ஒரு வெல்டிங் பட்டறையில் வாங்கினேன். விலை 1,400 டாலர். "முழுக்கக் கால் அங்குலத் தகடு, உங்க பிள்ளைங்க காலத்துக்கும் உழைக்கும்" என்று உரிமையாளர் அடித்துச் சொன்னார். கேட்டதும் பில்லிலும் எழுதிக் கொடுத்தார். கதவைத் திறந்து ஓரத்தைக் காட்டினார், தடிமனாகத்தான் இருந்தது.

இறக்க வந்த இரண்டு பேர் அதை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. கால் அங்குல இரும்புத் தகடு சதுர அடிக்குப் பத்துப் பவுண்டுக்கு மேல் கனக்கும். 20 அங்குல விட்டம், மூன்றடி நீளம் என்றால் இறைச்சி வைக்கும் உருளை மட்டுமே 200 பவுண்டு. கட்டை எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸையும் தாங்கும் கால்களையும் சேர்த்தால் இரண்டு பேர் கையால் தூக்கவே முடியாது.

மூடியில் இருந்த தெர்மாமீட்டரைக் கழற்றி, அந்தத் துளையில் வெர்னியரை விட்டு அளந்தேன். 6.35 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை மி.மீ. கூட இல்லை. கதவோரத்தில் மட்டும் தடித்த பட்டையை வைத்து வெல்டிங் செய்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

தகடு மெலிந்தால் என்ன என்று கேட்காதீர்கள். பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறி 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடக்க வேண்டியது. கறியின் உள்சூடு 160 டிகிரி வாக்கில் வந்ததும், மேல்ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் மேலே ஏறாமல் அப்படியே நிற்கும். அதைத் தாண்டி 200 டிகிரியை ஒட்டிப் போனால்தான் நார் இளகும். அவ்வளவு நேரமும் சூட்டைப் பிடித்து வைப்பது இரும்பின் கனம்தான். மெல்லிய தகட்டில் காற்று அடித்தால் சூடு இறங்கும், கட்டை போட்டால் எகிறும். அடக்குவதற்குக் காற்றுவழியை மூடினால் நெருப்பு திணறி வெள்ளைப் புகை கிளம்பும், கறி கசக்கும். நல்ல போஸ்ட் ஓக் கட்டை போட்டும் எனக்கு அதுதான் நடந்தது.

அந்தத் தெர்மாமீட்டரும் பொய். ஹியூஸ்டனில் கொதிக்கும் தண்ணீர் 212 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். இது 180-ஐத் தாண்டவில்லை.

என்னால் மன்னிக்க முடியாதது ஃபயர்பாக்ஸ். முதல் நெருப்பிலேயே உட்பக்கப் பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது, அடியில் வெள்ளியாகப் பளபளத்தது. திருச்சியில் பாய்லர் வேலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்று, மகள் வீட்டுக்கு வந்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்த உடனே, "தம்பி, இது ஜி.ஐ. ஷீட். இதுல இனிமே நெருப்பு மூட்டாதீங்க" என்றார். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அந்தத் துத்தநாகப் பூச்சு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து தாங்காது, உரிய ஆரம்பிக்கும். ஃபயர்பாக்ஸின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். துத்தநாகம் புகையாகி மூச்சில் ஏறினால் குளிரும் காய்ச்சலும் வரும், வெல்டர்களுக்குப் பழகிய நோய் அது. குழந்தைகள் சாப்பிடும் பொருளைச் சமைக்கிற அடுப்பில் இதை வைக்க எப்படி மனம் வந்தது?

பட்டறைக்குப் போன் செய்தேன். "பெயின்ட் எரியுறது சகஜம்" என்றார்கள். வெர்னியர் அளவைச் சொன்னதும் துண்டித்துவிட்டார்கள், பிறகு எடுக்கவே இல்லை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் பில், படங்கள் எல்லாவற்றோடும் பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் புகார் பதிந்திருக்கிறேன். வாங்கும்போது பட்டறைக்காரர்கள் முதலில் செல்போன் செயலி வழியாகப் பணம் அனுப்பினால் நூறு டாலர் தள்ளுபடி என்றார்கள். அதற்கு இணங்காதீர்கள், அப்படிப் போன பணத்தை மீட்பது மிகக் கடினம்.

வாங்கப் போகிறவர்கள் தெர்மாமீட்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லி அந்தத் துளையில் அளந்து பாருங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். இதுபோன்ற பட்டறையில் ஏற்கெனவே வாங்கியவர்கள், அடுத்த முறை நெருப்பு வைப்பதற்கு முன் ஃபயர்பாக்ஸின் உட்பக்கத்தை ஒரு நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பெயின்ட் இருப்பதே தவறு. அதற்கடியில் வெள்ளி நிறத்தில் பூப்பூவாக மின்னினால் அதில் சமைக்காதீர்கள்.