எஸ்பாரா, முடிவு முதலிலா? மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்குப் பரிந்துரை எழுத

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனம் வழியாக மருத்துவத்துக்கு வந்தது எஸ்பார் (SBAR): நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. நர்ஸ் டாக்டரிடம் போனில் நோயாளியின் நிலையைச் சொல்லப் பயன்பட்ட முறை. நிர்வாக உத்திக்கும் பொருந்தும், ஒரே பக்கத்துக்குள் முடித்தால். பெரும்பாலும் சறுக்குவது பின்னணியில்தான். பத்து வருட வரலாறு பக்கத்தை அடைத்துக்கொள்ள, பரிந்துரை 'பரிசீலிக்கலாம்' என்று நீர்த்துப்போகும். "அவசரப் பிரிவு நோயாளிக்கு வார்டில் படுக்கை இல்லை, காலையில் கிளம்ப வேண்டியவர்கள் மாலை வரை காத்திருக்கிறார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியை முந்தின இரவே எழுதுவோம், பொறுப்பு டூட்டி டாக்டர், 30 நாளில் மறுபார்வை" என்ற அளவுக்குத் திட்டவட்டம் வேண்டும்.

முடிவை முதல் வரியிலேயே வைத்து, காரணங்களைக் கீழே அடுக்கும் முறை நிதி கேட்கும்போது வேகமானது. ஆனால் பிரச்சினையையே குழு இன்னும் ஏற்காதபோது எதிர்ப்பைக் கிளப்பும். அங்கே எஸ்பார்தான் சரி.