லேபிள் தொலைந்த நூல்: தீயா, ப்ளீச்சா, தண்ணீரா?

லேபிள் இல்லாத நூல்கண்டு என்றாலே தீப்பெட்டியைத் தேடுவதுதான் வழக்கம். ஒரே வகை இழையால் ஆன நூலுக்கு அது போதும். கம்பளியோ பட்டோ சேர்ந்த கலப்பு நூலாக இருந்தால் ப்ளீச்தான் நம்பகமானது.

தீச் சோதனைக்கு 10 செ.மீ. துண்டை உலோக இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே, சுடரின் ஓரத்துக்கு மெல்லக் கொண்டுபோங்கள். பருத்தி, லினன், விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) மூன்றும் சட்டெனப் பற்றி, காகிதம் எரியும் வாடையோடு மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி பொசுங்கும் நாற்றம் தரும். சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் கரும்புகையோடு விடாமல் எரியும். நைலானும் பாலியெஸ்டரும் சுருண்டு உருகும். இந்த மூன்றும் ஆறினால் நசுங்காத கட்டிதான். உருகிய சொட்டு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் விரலால் பிடிக்கும் பேச்சே வேண்டாம்.

கம்பளியோடு கொஞ்சம் நைலான் சேர்ந்திருந்தால் முடி நாற்றமே மேலோங்கும். 'சுத்தக் கம்பளி' என்று முடிவுகட்டிவிடுவோம். ப்ளீச் இங்கே ஏமாறாது. சோடியம் ஹைப்போகுளோரைட் 5–6% உள்ள திரவம் வேண்டும். ஆக்சிஜன் ப்ளீச் உதவாது. கண்ணாடிக் குப்பியில் நூல் மூழ்க ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு விடுங்கள். கம்பளியும் பட்டும் கரைந்து மறையும். பருத்தி, அக்ரிலிக், நைலான், பாலியெஸ்டர் வெளுத்தாலும் மிஞ்சும். முதலில் 2 கிராம் எடைபோட்டு, மிஞ்சியதை அலசி நன்றாக உலர்த்தியபின் 0.5 கிராம் இருந்தால், கரையாத இழை ஏறக்குறைய 25%. ஈரம் கொஞ்சம் தங்கினாலும் இந்தக் கணக்கு கெடும். நாள்பட்ட ப்ளீச் வீரியம் இழந்திருக்கும். கம்பளி என்று உறுதியாகத் தெரிந்த துண்டையும் தனிக் குப்பியில் போட்டு ஒப்பிடுங்கள். வினிகரோ அமோனியாவோ கலந்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும்.

பருத்தியா விஸ்கோஸா என்று கேட்டால் தீயும் ப்ளீச்சும் கைவிரிக்கும். அதற்குத் தண்ணீர். ஒரு புரியைப் பிரித்து, நடுவில் மட்டும் நனைத்து இழுங்கள். விஸ்கோஸ் நனைந்த இடத்திலேயே அறும். பருத்தி ஈரத்தில் வலுக்கூடும், அதனால் காய்ந்த பக்கத்தில் அறும்.

ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்துத் திரள்கிறதா என்று பார்க்கும் முறையை அரைச்சான்றாகவே கொள்ளலாம். திரண்டால் விலங்கு ரோமம். திரளாவிட்டால் சூப்பர்வாஷ் கம்பளியாகவும் (துவைத்தாலும் திரளாதபடி பதப்படுத்தியது) இருக்கலாம். அதை மறுபடி ப்ளீச்சில்தான் போட வேண்டும். மெரினோ ஆட்டின் ரோமமா அல்பாகா என்ற விலங்கின் ரோமமா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது, அதற்கு நுண்ணோக்கி தேவை.