ஹட்டனா, ஜேர்மனியா, சிங்கப்பூரா? சிறிய ஹோஸ்டிங் சேவைக்கு ஏற்ற இடம்

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் இருந்துகொண்டு, மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய ஹோஸ்டிங் சேவை நடத்துகிறேன்; அவர்களுடைய தளங்களை என் சர்வரில் வைத்து இணையத்தில் ஓடவிடுவதுதான் அது. தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைந்து கட்டளை தட்ட ஒரு எஸ்எஸ்எச் கணக்கு, கிட் புஷ் செய்தால் (எழுதிய நிரலை கிட் என்ற கருவியால் அனுப்பினால்) தானாக ஏறும் தளம், ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அவ்வளவுதான். கொட்டகலையிலிருந்தோ பதுளையிலிருந்தோ புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, சர்வர் எங்க இருக்கு?" என்றுதான். மூன்று இடங்களிலும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் வீட்டிலேயே வைத்திருந்தேன். வாடகை இல்லை, ஏசியும் தேவைப்படவில்லை. 1,200 மீட்டருக்கு மேலே உள்ள ஊரில் குளிருக்கா பஞ்சம்? ஆனால் குளிரோடு ஈரமும் சேர்ந்தே வரும். கரண்ட் இல்லாமல் மெஷின் ஆறிக் கிடக்கும்போதுதான் அந்த ஈரம் உள்ளே படியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் கட் ஆனது. என் யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி தீவு முழுவதுமே இருண்டது. கரண்டைச் சமாளித்தாலும் வீட்டு இணைப்புக்குப் பொதுவாக நிலையான ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, கிடைப்பதில்லை. அதிலிருந்து அனுப்பும் மின்னஞ்சலைப் பெரும்பாலான சேவைகள் ஏற்பதும் இல்லை. மற்றவர்களின் பிழைப்பு தங்கியிருக்கும் தளத்தை இப்படி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜேர்மனியில் சர்வரை வாடகைக்கு எடுத்தால், சிங்கப்பூரில் கொடுக்கும் அதே காசுக்கு மெமரியும் டிஸ்க்கும் தாராளமாகக் கிடைக்கும். அங்கே தடை தூரம்தான். ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர்தான் போகும், கேபிளும் நேர்கோட்டில் கிடப்பதில்லை. என் இணைப்பிலிருந்து ஒரு தடவை போய்வர 180 மில்லிசெக்கன் ஆகிறது. இணைப்பைத் தொடங்கும் டிசிபிக்கு ஒரு சுற்று, அதை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3க்கு ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று: முதல் எழுத்து வருவதற்குள் அரை செக்கன் தாண்டிவிடும். எஸ்எஸ்எச்சில் வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் தாமதமாகத் தெரியும். நாள் முழுக்க அப்படி வேலை செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூர் வாடகை கூடுதல், மாத டேட்டா குறைவு. ஆனால் போய்வர 50 மில்லிசெக்கன்தான்.

இரண்டிலும் நல்லதை எடுக்கலாம் என்று ஒருமுறை தளத்தைச் சிங்கப்பூரிலும் தரவுத்தளத்தை ஜேர்மனியிலும் வைத்தேன். செய்யவே கூடாத வேலை அது. ஒரு பக்கம் திறக்கத் தளத்திலிருந்து தரவுத்தளத்துக்கு 20 கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், காத்திருப்பு மட்டுமே மூன்று செக்கனைத் தாண்டும். தளமும் தரவுத்தளமும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே என் தெரிவு சிங்கப்பூர். ஜேர்மனி மெஷினை பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சிங்கப்பூர் மெஷின் பேக்கப்பைத் தள்ளுவதில்லை, ஜேர்மனி மெஷின்தான் வந்து இழுத்துக்கொள்ளும். சிங்கப்பூர் சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டாலும் அங்கிருந்து பேக்கப்பை அழிக்கச் சாவி கிடைக்காது.

கன்ட்ரோல் பனல், அதாவது கட்டளை தட்டாமல் பட்டன்களாலேயே சர்வரை நடத்தும் பக்கம், வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கடைத் தளம் நடத்துபவருக்கு வேண்டும். கிட் தெரிந்தவருக்கு அது வீண் உரிமக் கட்டணம்.

அப்புறம் டொலர். 2022இல் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. நான் டொலரில் கட்டி ரூபாவில் வாங்குபவன். அதனால் மூன்று மாத வாடகையை எப்போதும் ஒதுக்கி வைக்கிறேன். பிள்ளைகளுக்குத் திடீரென்று விலை ஏற்ற வேண்டியதில்லை.

வீட்டு மெஷினை வீசிவிடவில்லை. ஞாயிறுதோறும் பேக்கப்பை அதில் ஏற்றி, தளங்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பார்க்கிறேன். போன வாரம் பெரிய தரவுத்தளம் ஒன்று ஏற 40 நிமிடம் ஆனது. இதுவரை ஒரே கோப்பாக எடுத்துவந்த டம்பை (தரவுத்தள நகலை) பல கோப்புகளாக இருக்கும் டைரக்டரி வடிவத்துக்கு மாற்றி, ஒரே நேரத்தில் ஓடும் நான்கு வேலைகளாகப் பிரித்து ஏற்றிப் பார்ப்பதுதான் இந்த ஞாயிறு வேலை.