ஏஜென்சியைச் சந்திக்கும் முன்: இ-மைக்ரேட் தளம் குறித்து ஒரு மதிப்பீடு

வளைகுடா நாடுகளில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்சியைச் சந்திக்கப் போகிறவர்கள், பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு புறப்படுகிறார்கள். ஏஜென்சி நம்மைச் சோதிக்க இவை தேவைதான். ஆனால் ஏஜென்சியை நாம் சோதிக்க, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. என் அக்காள் மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலைக்காகச் சென்னையில் ஒரு நிறுவனத்தைச் சந்திக்கவிருந்தபோது, அவனோடு அமர்ந்து இத்தளத்தைப் பயன்படுத்தினேன்.

தளத்தின் மிகப் பயனுள்ள பகுதி, பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர்களின் பட்டியல். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்தியர்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் தொழிலைப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் நடத்த முடியாது. முழு அளவில் இயங்கும் ஏஜென்சி ஒன்று இப்பதிவுக்காக 50 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும் என்பதிலிருந்தே, பதிவில்லாதவரிடம் பணம் கொடுப்பதில் உள்ள ஆபத்து விளங்கும். பெயரை மட்டும் தேடிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால், பதிவு எண்ணும் முகவரியும் விளம்பரத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா, உரிமம் இன்றும் நடப்பில் உள்ளதா, காலாவதியாகியோ இடைநிறுத்தப்பட்டோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கட்டணம். ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தரவும் வேண்டும். நாங்கள் சந்தித்த நிறுவனம் பட்டியலில் முறையாக இருந்தபோதிலும், அங்கே சொல்லப்பட்ட தொகை இதைவிடப் பல மடங்கு அதிகம். முழுத் தொகைக்கும் ரசீது கிடைக்குமா என்று கேட்டவுடன், அது விசாவுக்கு, இது அங்குள்ள இடைத்தரகருக்கு என்று கணக்கு பிரிய ஆரம்பித்தது. வரம்பைத் தெரிந்துகொண்டு போயிருந்ததால்தான் அவன் முன்பணம் கட்டாமல் எழுந்து வர முடிந்தது. நிலத்தை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ பணம் புரட்டுகிற குடும்பங்களுக்கு இந்த ஒரு தகவலின் மதிப்பு மிகப் பெரியது.

வெளிநாட்டு முதலாளி ஏஜென்சிக்குக் கொடுத்த ஆள் தேவைக் கடிதத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், தங்குமிடம், உணவு, திரும்பி வரும் டிக்கெட் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற வகை) பாஸ்போர்ட்டில் குவைத், சவூதி, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அவர்களுக்குரிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு, விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் வழங்குகிறது. விசிட் விசாவில் போகிறவர் இந்தப் பாதுகாப்புகள் அனைத்தையும் இழக்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்பதைத் தளம் சொல்லும். அது நேர்மையாக நடந்துகொள்கிறதா என்பதை அந்தப் பட்டியலிலிருந்து அறிய முடியாது. ஊரில் ஆள் பிடிக்கும் துணை ஏஜென்ட்டுகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதால் அவர்கள் இதில் வரவே மாட்டார்கள். ஆனால் கிராமத்து இளைஞன் முதலில் சந்திப்பது அவர்களைத்தான். தளத்தின் சொற்கள் சட்ட மொழியில் இருப்பதால், இது யாருக்கு மிகவும் தேவையோ, அந்த அதிகம் படிக்காத தொழிலாளி துணையின்றி இதைப் பயன்படுத்துவது கடினம். படித்த உறவினர் ஒருவர் அருகில் அமர்ந்து பார்த்துக் கொடுப்பது பேருதவியாக இருக்கும்.

தனியார் நிறுவனங்களைத் தவிர்க்க விரும்புகிறவர்களுக்கு, 1978 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் உள்ளது. அக்காள் மகன் இப்போது அங்கே பதிவு செய்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கிறான்.